எருக்குவியல் காலி, தங்கையை அனுப்பிவைக்கவும்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

இங்கே நான் நலம் என்று எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை, அடித்துவிட்டேன். அங்கே நீங்களும் தங்கச்சியும் சௌக்கியமாக இருப்பீர்கள். என் மனைவி, அதாவது உங்கள் தங்கையும் உங்கள் வீட்டில் சௌக்கியமாக இருக்கிறாள் என்பதுதான் என் கவலையே. கொஞ்சம் அசௌகரியப்பட்டால் அல்லவா திரும்பி வருவாள்?

என்னைப் பற்றி அவள் என்ன சொல்லியிருந்தாலும் அதில் பொய் இருக்காது. கோபத்தில் முன்பின்னாகச் சொல்லியிருப்பாள், ஆகவே நானே வரிசையாகச் சொல்கிறேன். ரயில் நிலையத்தில் அறிவிப்பாளனாக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு வீட்டில் மைக் கிடையாது, சொன்னதைக் கேட்க ஆளும் கிடையாது. அதனால் வீட்டுக்குப் பின்னால் இருந்த கையகல மண்ணில் தக்காளி நட்டேன். உரம் என்றால் கோழி எருதான் என்று யாரோ சொல்ல, பண்ணையிலிருந்து மூட்டையாக வாங்கி, வந்த சூட்டோடு செடிக்குச் செடி அள்ளி வைத்தேன். பச்சைக் கோழி எரு அவ்வளவு காரம் என்று யார் கண்டது? வாரம் முடிவதற்குள் இலையெல்லாம் ஓரம் கருகி, இஸ்திரிப் பெட்டி வைத்ததுபோல் ஆகிவிட்டது. மீதியை மூலையில் கொட்டிவிட்டு ஆட்டுப் புழுக்கைக்குப் போனேன். அது உதிராமல் உருண்டை உருண்டையாகவே கிடந்தது, சரி ஊறவைப்போம் என்று ஊறவைத்தேன். எதில் என்று கேட்காதீர்கள். அவள் துணி அலசும் புதுத் தொட்டியில். அன்றைக்கு அவள் துணி மூட்டையை என் காலடியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

அதையும் மூலையில் கொட்டினேன். ஆட்டைக் கடித்து, மாட்டைக் கடித்து என்பார்களே, அதே வரிசையில் அடுத்து மாட்டுச் சாணம். பச்சையாகப் போட்டதில் வெள்ளை வெள்ளையாகப் புழு கிளம்பிக் கத்திரிச் செடியின் வேரை மென்றுவிட்டது. அதுவும் மூலைக்கு. பிறகு குதிரை லாயத்துக்காரர் சிரித்துக்கொண்டே கொடுத்த லத்தி. அவர் ஏன் சிரித்தார் என்பது மழைக்குப் பின் தெரிந்தது. குதிரை தின்ற புல்லின் விதையெல்லாம் முளைத்துவிட்டது, அதற்குள் என் வெண்டைச் செடியைத் தேடினேன், இன்னும் கிடைக்கவில்லை. மிச்ச லத்தியும் மூலைக்கு. கடைசியில் முயல் புழுக்கையை மட்டும் மக்க வைக்காமல் அப்படியே போடலாம் என்று படித்தேன். மச்சான், அது உண்மைதான். ஆனால் புழுக்கையை விலைக்கு வாங்குவானேன் என்று நான் முயலையே வாங்கினேன். அவை கூண்டைப் பிறாண்டி வெளியே வந்து, மிச்சமிருந்த அவரையைத் தின்றுவிட்டுத்தான் உரம் கொடுத்தன.

அவள் பெட்டியைக் கட்டியது அன்றுதான். "ஆயுசு பூரா ஊர்ல உள்ளவங்களை எல்லாம் மைக்ல காத்திருங்க காத்திருங்கன்னு சொன்னீங்க, உங்களுக்கு ஒரு எரு மக்கற வரைக்கும் காத்திருக்கத் தெரியலையே! அந்த மூலை நாத்தம் போனாத்தான் நான் வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அதற்குப் பிறகு இந்த வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு தம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கிறது, மச்சான். யாரும் எடுத்துக் கழுவித் திட்டவில்லை. எனக்கு அவள் வேண்டும். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் கூச்சப்படக்கூடத் தெம்பில்லை.

பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் வேறு ஆரம்பத்திலிருந்தே மூக்கைப் பொத்திக்கொண்டு மதில் மேல் எட்டிப் பார்ப்பார். "சார், நாள் முழுக்க அடுத்தவங்க வாய்க்குள்ள மூக்கை வெச்சிருக்கறவன் நான். எனக்கே தாங்கலைன்னா பாத்துக்குங்க" என்பார். பல மாதமாக அந்த மூலைப் பக்கமே போகாதவன் நேற்று மண்வெட்டியோடு போனேன். உங்கள் தங்கை முகத்தை நினைத்துக்கொண்டு வெட்டினேன். ஆச்சரியம், நாற்றமே இல்லை. கோழியா, குதிரையா என்றுகூடத் தெரியாமல், கறுப்பாகக் காபித்தூள் மாதிரி உதிர்ந்தது. கிடந்து கிடந்து சத்தெல்லாம் போய்விட்டது போலிருக்கிறது. எங்கே கொட்டுவது என்று நின்றபோது டாக்டர் மதில் மேல் தலையை நீட்டி, "உங்களுக்கு எதுக்கு சிரமம், நான் எடுத்துக்கறேனே" என்றார். தானே தள்ளுவண்டி கொண்டுவந்து, கடைசியில் தரையைக்கூடக் கூட்டி அள்ளிக்கொண்டு போனார். இவ்வளவு நல்ல மனிதரை இத்தனை நாள் தப்பாக நினைத்துவிட்டேனே என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஆகவே மூலை சுத்தம். முயல்களையும் கொடுத்தாயிற்று. இனி எந்தப் பிராணியின் எந்தக் கழிவும் இந்த வாசலைத் தாண்டி உள்ளே வராது, பின்பக்கம் முழுக்க சிமென்ட் பூசிவிடப் போகிறேன். தயவுசெய்து எடுத்துச் சொல்லி அவளை அனுப்பிவைக்கவும். தங்கச்சிக்கு என் அன்பு, குழந்தைகளுக்கு என் ஆசி. எல்லோரும் நோய் நொடியின்றி, முக்கியமாகத் தோட்டமின்றி, நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
களைத்துப்போன உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: உறையை ஒட்டும்போது வாசலில் வண்டிச் சத்தம். அவளேதான். என்னைக்கூடப் பார்க்காமல் நேரே பின்பக்கம் போனாள்.

"எங்க?"

"எது?"

"எரு! இந்நேரம் நல்லா மக்கியிருக்கும், போய்ப் போடுன்னு அண்ணி விதையெல்லாம் கட்டிக் குடுத்தாங்க. எங்க அது?"

சொன்னேன்.

"நாத்தத்தை சகிச்சது நானு. உரம் பல் டாக்டருக்கா?" என்றாள். அவ்வளவுதான். பெட்டி இன்னும் வாசலிலேயே இருக்கிறது. நான் கூடையோடு மதில் பக்கம் போய் எட்டிப் பார்த்தேன். டாக்டர் ரோஜாப் பாத்தி முழுக்க அதை இறைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். உங்கள் தங்கை நாளைக் காலை வண்டியில் அங்கே வருகிறாள். அவளை அனுப்பிவைக்கச் சொன்னது அப்படியே நிற்கிறது, ஆகவே இந்தக் கடிதத்தை முதலிலிருந்து இன்னொரு முறை படிக்கவும்.