கடலுக்கு ஒரு ஈரச் சாக்கு

"காசி சோடாவுல கேஸே இல்லையே!"

திரிபுரசுந்தரி டீச்சர் இதை மைக்கிலேயே சொல்லிவிட்டார். பெண்கள் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. பரிசு கொடுக்க வந்த பேராசிரியர் சோமசேகரன் ஒரு மடக்குக் குடித்து முகத்தைச் சுளித்தார்.

சோடாக் கடையிலிருந்து நேரே வந்து நின்ற காசிக்கு உயிரே போயிற்று. திருவண்ணாமலைத் தேரடியில் இருபது வருஷமாகக் கட்டிக் காத்த பெயர்!

மகள் ஆதிலட்சுமி மேசைக்குப் பின்னால் நின்றாள். மேசையில் இரண்டு கோலி சோடா. ஒன்று ஈரச் சாக்குக்குள், ஒன்று உடைத்தது. பின்னால் நீலக்கடல் படம். அதன்மேல், 'கடல் சூடானால்?'

"ஏண்டி, வெயில்ல வச்சியா?"

தலையாட்டினாள்.

"வாயில கொழுக்கட்டையா? சாருக்குச் சொல்லேன்!"

தரையைப் பார்த்தாள்.

"இருங்க சார், வேற தரேன்!"

சைக்கிளுக்கு ஓடினார். பங்குனி வெயிலில் கேரியரிலேயே காய்ந்த பாட்டில். ஓடிவந்து கோலியை அழுத்த, புஸ்ஸென்று பொங்கி சாரின் வெள்ளைச் சட்டை முழுக்க அபிஷேகம். பதறித் துண்டால் துடைத்தார். துண்டில் ஊறியிருந்த ரோஸ் கலர் சோடாவின் சாயம் சட்டைக்கு ஏறியது.

"சாருக்கு மஞ்சத்தண்ணி ஊத்திட்டாருடி!" என்றது ஒரு குரல். பந்தலே சிரித்தது.

காசி மைக்கைப் பிடுங்கினார்.

"சோடா மேல குத்தமில்லீங்க! சில்லுனு இருந்தா தண்ணி கேஸ உள்ள புடிச்சி வச்சுக்கும். சூடாச்சுன்னா வெளிய துப்பிடும். அதான் ஈரச் சாக்கு போடறோம்!"

"அப்போ கடல்?" என்றார் பேராசிரியர், சட்டையைப் பிழிந்தபடி.

"நான் கடலப் பாத்ததில்ல சார். ஆனா தண்ணி புத்தி எங்க போனாலும் ஒண்ணுதானே? சூடானா அதுவும் துப்பும்."

"துப்பின கரியமில வாயு காத்த இன்னும் சூடாக்கினா?"

"கடல் இன்னும் சூடாவும், இன்னும் ஜாஸ்தி துப்பும்... ஐயையோ! யாராச்சும் கடலுக்கு ஈரச் சாக்கு போடுங்க சார்!"

பேராசிரியர் எழுந்து கைதட்டினார். "எங்க காலேஜ்ல கூட இவ்ளோ தெளிவா யாரும் சொன்னதில்ல. ஆதிலட்சுமிக்குத்தான் முதல் பரிசு!"

கோப்பையை மகளோடு சேர்த்துப் பிடித்தபோது காசியின் நெஞ்சு மலையளவு நிமிர்ந்தது. ஆனாலும் மனசு ஆறவில்லை.

"இருந்தாலும் டீச்சர், ஊர் முன்னாடி எஞ் சோடாவ அப்படிச் சொல்லலாமா?"

"நான் என்னங்க பண்றது? காலையிலேருந்து உங்க பொண்ணுக்குத் தொண்டை கட்டி பேச்சே வரல. 'எங்கப்பா சோடாவக் குத்தம் சொல்லுங்க டீச்சர், மிச்சத்த அவரே பேசிடுவாரு'னு எழுதிக் காட்டினா!"