விசாரணைச் சாமியார்

ஞாயிற்றுக்கிழமை காலை கோயிலில் கூடியிருந்தவர்கள்: உபதேசியார் சந்தியாகு, காது சரியாகக் கேட்காத மதலைமுத்துக் கிழவர், பெரிய கங்காணியின் நாய், மழைக்கு ஒதுங்கிய இரண்டு ஆடுகள், பீடத்தின் மேல் சூசையப்பர். கல்யாணப் பெண் இல்லை.

பெண் இல்லாததுதான் சந்தியாகுவுக்குப் பிரச்சினை. மற்றவர்கள் வராவிட்டால் சாமியார் திட்டுவார், அவ்வளவுதான். ரோசம்மா வராவிட்டால் அவனுக்குக் கல்யாணமே இல்லை. பதுளையிலிருந்து சாமியார் இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவார். போன தடவை சாமியாருக்குக் காய்ச்சல். அதற்கு முந்தின தடவை குதிரைக்குக் காய்ச்சல். இந்தத் தடவை புதுச் சாமியார், புதுக் குதிரை. இதையும் விட்டால் சந்தியாகுவுக்கே காய்ச்சல் வந்துவிடும்.

"எங்க தாத்தா எல்லாரும்?" என்று கிழவரின் காதுக்குள் கத்தினான்.

"ஒளிஞ்சிருக்காங்க."

"எதுக்கு?"

"நேத்துப் பெரட்டுல நீ என்னமோ விசாரணைன்னு சொன்னியாமே. எனக்குக் கேக்கல. அதான் வந்துட்டேன்."

சொன்னது உண்மை. பெரட்டில், காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் நேரத்தில், கல் மேல் ஏறி நின்று சொன்னான். "நாளைக்கு நம்ம விசாரணைச் சாமியார் வர்றாரு. எல்லாரும் வந்து செஞ்ச பாவத்தச் சொல்லி மன்னிப்புக் கேக்கணும்." வேதக்காரர்களின் பேச்சில் விசாரணை என்றால் ஒரு சாமியாரின் பொறுப்பில் இருக்கும் பங்கு. பதுளை மிஷன் வீட்டில் பாத்திரம் கழுவிப் படித்த சந்தியாகுவுக்கு அது தெரியும். லயத்து வரிசை வீடுகளில் குடியிருந்த சனங்களுக்குத் தெரிந்த விசாரணை வேறு. அதில் தொப்பி போட்டவர் உட்கார்ந்திருப்பார். எதிரில் நிற்பவர் ஜெயிலுக்குப் போவார்.

சந்தியாகு விழுந்து விழுந்து சிரித்தான். 'மாட்டுச் சனங்க' என்று முணுமுணுத்துக்கொண்டு கம்பளியைத் தலையில் போட்டு மழையில் இறங்கினான். அந்தச் சிரிப்புக்காகப் பிற்பாடு அவன் நிறைய வருத்தப்பட்டான்.

முதல் லயத்தில் முதல் கதவைத் தட்டினான்.

"அட, இது போலீசு விசாரணை இல்ல, செபமாலையம்மா! ஆத்தும விசாரணை!"

உள்ளேயிருந்து குரல் வந்தது. "செத்த பொறகும் விட மாட்டாங்களா?"

"பயப்படாதீங்க. உண்மையச் சொல்லிட்டா மன்னிச்சு விட்ருவாரு."

"எம் புருசன்கிட்டயும் அப்படித்தாங்க சொன்னாங்க. உண்மையச் சொல்லிட்டுப் போன மனுசன் இன்னும் வீடு வந்து சேரல."

"ஐயோ, சொன்னது வெளிய போகாதும்மா. கூண்டு மாதிரி ஒரு எடம். முழங்கால் போட்டு ரகசியமாச் சொன்னாப் போதும்."

கூண்டு என்ற சொல் காதில் விழுந்ததும் அந்த வரிசையில் மிச்சமிருந்த கதவுகளும் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டன. யாரோ ஒருவன் பின்பக்கமாகக் குதித்துத் தேயிலைக்குள் ஓடினான்.

வேறு வழியில்லாமல் பெரிய கங்காணி ஞானாதிக்கத்திடம் போனான். அவர் வாயில் வெற்றிலையோடு கேட்டுவிட்டு எழுந்தார்.

"இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்தே? நான் கொண்டாந்து விடுறேன்."

பிரம்பை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் தோட்டத்து வேதக்காரர் அத்தனை பேரும் வரிசையாகக் கோயிலுக்கு நடந்தார்கள். விசாரணைதான் என்று அதுவரை சந்தேகப்பட்டவர்களுக்கு இப்போது சந்தேகம் தீர்ந்தது.

ரோசம்மா அந்த வரிசையில் இல்லை. கடைசி லயத்துக்குப் பின்னால், தண்ணீர் பிடிக்கும் பீலிக்கடியில், துணி மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்க கெளம்பிட்டே?"

"தெரியல. பூனாகலைப் பக்கம் போறேன்."

"இன்னிக்கு நமக்குக் கல்யாணம்!"

"விசாரணைன்னு நீங்கதானே சொன்னீங்க? எல்லாருக்கும் கோழி திருடினது, வெறகு திருடினதுன்னு இருக்கும். எனக்கு என்ன இருக்குன்னு தெரியுமா? கொஸ்லந்தைத் தோட்டத்துல இருந்து துண்டு வாங்காம ஓடி வந்தவ நான்."

கணக்குத் தீர்ந்தது என்று துரை தரும் துண்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு ஓடினால் அந்தக் காலத்தில் சிறை.

"அந்தத் தோட்டத்துக் கங்காணி எங்கிட்ட..." என்று ஆரம்பித்தாள்.

"எங்கிட்டச் சொல்லாத. சாமிகிட்டச் சொல்லு. சொல்லாமப் பூசையில நின்னா கல்யாணம் செல்லாது."

"அவரு யாருகிட்டயாவது சொல்லிட்டா?"

"கழுத்த அறுத்தாலும் சொல்ல மாட்டாரு. அவங்களுக்குச் சத்தியம் அது. ஒரு தடவ சொல்லிட்டு வா, ரோசு. வாழ்நாள் பூரா இந்தப் பயம் இருக்காது."

அவள் மூட்டையைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். மழை பெய்துகொண்டிருந்தது.

"பொடவையாவது வந்துச்சா?"

"மர்ஸூக் நானா பதுளையில இருந்து கொண்டாந்துக்கிட்டு இருக்காரு. வழியில இருப்பாரு."

மூட்டையைப் பீலிக்கடியிலேயே விட்டுவிட்டு அவனோடு வந்தாள்.

அவர்கள் கோயிலுக்குள் நுழைந்த சிறிது நேரத்தில் வெள்ளைக்காரர் வந்து சேர்ந்தார். கழுத்திலிருந்து கணுக்கால் வரை கறுப்புக் கோட்டு. மார்பு வரை தாடி. கழுத்தில் ஒரு வெள்ளிச் சங்கிலி, நுனி கோட்டுக்குள் இருந்தது. சிலுவையை நனையாமல் வைத்திருக்கிறார் என்று சந்தியாகு மெச்சிக்கொண்டான். நடந்தே வந்திருந்தார். பாவம், புதுக் குதிரைக்கும் காய்ச்சல் போலிருக்கிறது.

"நான் விசாரணைக்கு வந்தது," என்றார், துரைமார் தமிழில்.

சந்தியாகு சனங்கள் பக்கம் திரும்பி, பார்த்தீர்களா என்பதுபோல் தலையாட்டினான்.

"தெரியும் சாமி. எல்லாரையும் கூட்டி வச்சிருக்கேன். ஒவ்வொருத்தரா வந்து செஞ்ச தப்ப அவங்களே சொல்லுவாங்க."

வெள்ளைக்காரர் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"அவங்களாவே?"

"மனசார, சாமி."

"இந்த மாதிரி தோட்டம் நான் பாத்ததே இல்லை," என்றார்.

பீடத்துக்குப் பின்னால் சின்ன அறை ஒன்று இருந்தது. கோயிலாகும் முன்பு மண்வெட்டியும் கத்தியும் வைத்த அறை. அதனால் கதவு கெட்டி, பூட்டும் கெட்டி. அங்கே நாற்காலி போட்டிருந்தான். வெள்ளைக்காரர் பீடத்தைத் தாண்டும்போது முழங்காலிடவில்லை. நனைந்த கால், வலிக்கும். உட்கார்ந்ததும் சுருட்டுப் பற்றவைத்தார். குளிர், பாவம்.

முதலில் செபமாலையம்மா போனாள். வெற்றிலை மடிக்கும் நேரத்தில் வெளியே வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"கங்காணி வீட்டுக் கோழியச் சொன்னேன். சிரிச்சுட்டாருங்க!"

"எந்தக் கோழி?" என்றார் பெரிய கங்காணி.

"செபம் எத்தன சொல்லச் சொன்னாரு?" என்று சந்தியாகு குறுக்கே புகுந்தான்.

"ஒண்ணும் சொல்லல. 'சரி, போ'ன்னாரு."

"எளகின மனசு," என்றான் சந்தியாகு.

அதன் பிறகு கூட்டம் முண்டியடித்தது. விறகு, கள்ளு, கங்காணியைத் திட்டியது, கங்காணியின் இரண்டாவது கோழி, எல்லாம் போய்ச் சேர்ந்தன. மதலைமுத்துக் கிழவர் உள்ளே போய், கேட்காத கேள்விக்கெல்லாம் கத்திக் கத்திப் பதில் சொல்லி, செத்துப்போன அண்ணனின் பாவத்தையும் சேர்த்து ஒப்புக்கொண்டார். இந்தத் தோட்டத்தில் இவ்வளவு சந்தோஷமான ஞாயிற்றுக்கிழமை வந்ததில்லை. பிரம்பை மூலையில் சாத்திவிட்டுக் கங்காணியே ஒரு தடவை உள்ளே போய் வந்தார். என்ன சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை.

கடைசியாக ரோசம்மா எழுந்தாள். வாசலில் நின்று திரும்பினாள்.

"ஒங்க பேச்ச நம்பித்தான் போறேன்."

"போ புள்ள. ஒண்ணுமில்ல."

மற்றவர்களை விட அவளுக்கு நேரமானது. உள்ளே வெள்ளைக்காரர் மெதுவாக ஏதோ கேட்பதும் அவள் பதில் சொல்வதும் முணுமுணுப்பாகக் கேட்டன. கொஸ்லந்தை என்ற சொல் இரண்டு தடவை வந்தது. சந்தியாகு காதைத் திருப்பிக்கொண்டான். பாவசங்கீர்த்தனத்தை ஒட்டுக் கேட்பது பாவம். கல்யாணத்துக்கு முந்திய பாவசங்கீர்த்தனம், முழுசாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு பீடத்து மெழுகுவர்த்திகளை ஏற்றினான்.

வெள்ளைக்காரர் மட்டும் வெளியே வந்தார். சுருட்டை மிதித்து அணைத்தார்.

"இந்தக் கதவுக்குப் பூட்டு இருக்கா?"

"இருக்குங்க சாமி." தாலி ஏறும்வரை பெண்ணைத் தனியே வைப்பது அவர்கள் சீமை வழக்கமாக இருக்கும். இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து, பூட்டையும் எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினான்.

அப்போதுதான் வாசலில் துணி வியாபாரி மர்ஸூக் நானா வந்து நின்றார். தலையில் மூட்டை, வேட்டி முழங்கால் வரை சேறு.

"உபதேசியாரே, பொடவ வந்துருச்சு, மெழுகுவத்திய அணைச்சு வைங்க. ஒங்க சாமியாரோட புதுக் குதிரை ஆத்து வெள்ளத்தப் பாத்து மெரண்டு நிக்குது, மனுசன் தெமோதரையிலயே ஒக்காந்துட்டாரு. ஆமா, கொஸ்லந்தையில இருந்து ஓடி வந்தவங்களத் தேடி எனக்கு முன்னால ஒரு போலீசுத் துரை நடந்து வந்தாரே, அவரு வந்து சேந்துட்டாரா?"

பூட்டை மாட்டக் குனிந்திருந்த வெள்ளைக்காரரின் கழுத்துச் சங்கிலி கோட்டுக்கு வெளியே தொங்கிற்று. அதன் நுனியில் ஊதல் இருந்தது.

"முடிஞ்சிருச்சாங்க?" என்று உள்ளேயிருந்து ரோசம்மா கேட்டாள்.

கதவு சாத்தியாயிற்று. சந்தியாகு கொடுத்த பூட்டு, கெட்டியான பூட்டு, ஒரே அழுத்தில் விழுந்தது.