பாலக்கோட்டு ரசிகர்கள்

மனிதகுலம் தன் கதையைச் சொல்லிக்கொள்ள இதுவரை கண்டுபிடித்த வடிவங்களிலேயே உன்னதமானது வீடியோ கேம்தான். அதை உலகுக்கு எடுத்துரைக்கும் பொறுப்பு கடத்தூர் மாதவராஜின் தோளில் இறங்கியிருந்தது. உலகத்தின் சார்பில் அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இருவர். ஒருவர் அவருடைய மைத்துனர். மற்றது அந்த மைத்துனரின் பழைய போன்.

அன்று காலை அந்தப் பொறுப்புக்குக் குறுக்கே ஒரு தையல் மிஷின் வந்து நின்றது. மனைவி மணிமேகலை அதை அறைவாசல் வரை தள்ளிக்கொண்டு வந்து, மூச்சு வாங்க அதன்மேல் சாய்ந்திருந்தாள்.

"ஏங்க, தீபாவளி ஜாக்கெட்டுக்கு இப்பவே துணி வந்து குவியுது. எனக்கு இந்த ரூம் வேணும்."

"இது ரூம் இல்ல மேகலை. ஸ்டுடியோ."

"வூட்டுல ஜன்னல் வெளிச்சம் இருக்கிற ஒரே ரூம் இதுதான். அந்த ஜன்னலையும் போர்வை போட்டு மூடி வெச்சிருக்கீங்க."

மாதவராஜ் பகலில் ஒரு தனியார் கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில் உதவியாளர். மாலையில் அந்தப் போர்வைக்குப் பின்னால் உட்கார்ந்து மைக்கைப் பிடித்தால் வேறு ஆள். நினைவு தப்பிய நாயகனை வைத்துக் கதையை ஆரம்பிக்கிறவன் சோம்பேறி என்பார். சாவியைக் கம்பளத்துக்கு அடியில் ஒளித்து வைத்துவிட்டு அதைப் புதிர் என்று சொல்கிறவனை மன்னிக்கவே கூடாது என்பார். பாழடைந்த கோட்டைக்குள் நடக்கும் ஒரு விளையாட்டில் மூன்றாவது கதவை அவரால் கடைசிவரை திறக்க முடியவில்லை. திறக்காமல் விடுவதே அந்தக் கதையின் நாகரிகம் என்று அதற்கும் ஒரு வீடியோ போட்டிருந்தார்.

கடைசியாக ஒரே ஒரு வீடியோவுக்கு மணிமேகலை அனுமதி கொடுத்தாள். அதையும் யாரும் பார்க்காவிட்டால் போர்வை இறங்கும், மிஷின் ஏறும்.

தன் கருத்துகள் அத்தனையையும் மாதவராஜ் அதில் கொட்டினார். 'புதிரா, கதையா?' என்பது தலைப்பு. நீளம் மூன்று மணி நேரம். அடுக்களையில் மணிமேகலை பாத்திரங்களை டமால் டமாலென்று வைத்த விதத்தில் அவருக்கு ஆத்திரம் ஏறி, பாதிக்கு மேல் கத்தியே பேசியிருந்தார். திரும்பக் கேட்டுப் பார்க்க அவருக்கே தெம்பில்லை. அப்படியே ஏற்றிவிட்டுக் கல்லூரிக்குப் போய்விட்டார்.

ஒரு வாரத்தில் பார்த்தவர்களின் எண்ணிக்கை எகிறியது. அதுவும் சும்மா தட்டிவிட்டுப் போகிற கூட்டம் இல்லை. மூன்று மணி நேரத்தையும் ஒரு நொடி தாண்டாமல் கடைசிவரை ஓட விட்டிருந்தார்கள். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. தினமும். பெரும்பாலும் பாலக்கோட்டுப் பக்கத்திலிருந்து.

"பாலக்கோட்டுலயா?" என்றாள் மணிமேகலை. "அங்க யாருங்க உக்காந்து இதைப் பாக்கிறது?"

"ரசனை உள்ளவங்க எங்க வேணா இருப்பாங்க."

"சரி, அவ்ளோ பேர் வர்றாங்கன்னா கொஞ்சம் சிரிச்ச முகமா, சின்னதாப் பேசுங்க. பின்னாடி ஒரு பாட்டு ஓட விடுங்க. இன்னும் நாலு பேர் பாப்பாங்க."

அறையைக் காப்பாற்றிக்கொடுத்த வீடியோவுக்கு அனுமதி கொடுத்தவளாயிற்றே என்று அவளுடைய யோசனைக்கு மதிப்புக் கொடுத்தார். அடுத்ததை வீணை இசையோடும் புன்னகையோடும் கால் மணி நேரத்தில் முடித்தார். மறுநாளே கண்டனம் கிளம்பிவிட்டது. பாட்டு வேண்டாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். இவ்வளவு சீக்கிரம் நின்றுபோனால் எப்படி என்று இன்னொருவர் வருத்தப்பட்டிருந்தார். இன்னாசி என்பவர் நம்பரைத் தேடிப் பிடித்துப் போனே போட்டுவிட்டார்.

"சார், எங்க ஊர்ல எல்லாரும் உங்களைத்தான் போடுறோம். ரொம்பப் பிரயோஜனமா இருக்குதுங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிக்கிறேன், தப்பா எடுத்துக்காதீங்க."

"விமர்சனத்தை நான் எப்பவும் வரவேற்பேன். சொல்லுங்க."

"சிரிக்காதீங்க சார். முன்ன மாதிரி கோவமாவே பேசுங்க. நடுவுல மூச்சு வாங்க நிறுத்துறீங்க பாருங்க, அதையும் கொஞ்சம் கொறைச்சுக்கிட்டா நல்லாருக்கும்."

மாதவராஜ் போனை வைத்தார். சமரசம் செய்துகொள்ளாத விமர்சகனைத் தேடி இப்படி ஒரு மண் இவ்வளவு காலம் காத்திருந்திருக்கிறது. அது தெரியாமல் வீணையைப் போட்டுவிட்டோமே என்று நொந்துபோனார்.

அடுத்த வீடியோ ஆறு மணி நேரம். தாண்டிப்போக முடியாதபடி நடுநடுவே திணிக்கப்படும் கதைக்காட்சிகள் ஆட்டக்காரனின் சுதந்திரத்தைப் பறிக்கின்றன என்பது விஷயம். முதல் வரியிலிருந்தே கத்தினார். அன்று மாலை வீட்டுக்காரர் முருகேஷ் மாடியிலிருந்து இறங்கி வந்து, உள்ளே வராமல் வாசலிலேயே நின்று, புருஷன் பெண்டாட்டிக்குள் ஏதாவது மனத்தாங்கல் என்றால் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் மாதவராஜுக்குத் தொண்டை கட்டிவிட்டது. லேபில் மாணவர்கள் சந்தேகம் கேட்டால் பலகையில் எழுதிக் காட்டினார். மிளகுப் பால் குடித்துத் தொண்டையைத் தேற்றிக்கொண்டு வந்து, மறுபடி போர்வைக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

எண்ணிக்கை மேலே மேலே போயிற்று. மணிமேகலை கூடத்து மூலையில் ட்யூப் லைட்டுக்கு அடியில் மிஷினைப் போட்டுக்கொண்டு, கண்ணைச் சுருக்கிச் சுருக்கி ஊசியில் நூல் கோர்த்தாள். ஒரு ஜாக்கெட்டில் கை மாறித் தைத்துவிட்டு, பிரித்துக்கொண்டே சொன்னாள்:

"எனக்கு மனசு ஒப்பலீங்க. அவங்களை நேர்ல பாக்கணும். நீங்க சொன்னதுல ஏதாச்சும் ஒரே ஒரு விஷயத்தை, ஒருத்தராச்சும் எந்திரிச்சுத் திருப்பிச் சொல்லட்டும். அப்புறம் ரூம் பேச்சே எடுக்க மாட்டேன்."

"சொல்லலைன்னா?"

"அன்னிக்கே போர்வையை நானே கழட்டுவேன்."

மாதவராஜ் சிரித்தார். தொண்டை கட்டியிருந்ததால் அது இருமலாக வந்தது. இன்னாசிக்குப் போன் போட்டு, ரசிகர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்திக்க விரும்புவதாகச் சொன்னார். அந்தப் பக்கம் போனைப் பொத்திக்கொண்டு யாரிடமோ ஏதோ கேட்பது காதில் விழுந்தது. அப்புறம், நீங்களே வர்றேன்னா எங்க பாக்கியம் சார் என்றார் இன்னாசி.

பாலக்கோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தை ஏற்பாடு செய்திருந்தார்கள். கறுப்பு டீ-ஷர்ட்டும் காதில் ஹெட்போனுமாக இளைஞர் பட்டாளம் ஒன்று இருக்கும் என்று எதிர்பார்த்து மாதவராஜ் உள்ளே நுழைந்தார். வெள்ளை வேட்டிகளும் தோளில் துண்டுகளும் எழுந்து நின்றன. பெண்கள் வரிசையில் இருந்தவர்களும் கும்பிட்டார்கள். வாசலில் டிராக்டர்கள் நின்றிருந்தன.

ஒரு கணம் தடுமாறினாலும் மாதவராஜ் உடனே தேறிக்கொண்டார். கலை கடைசியில் மண்ணைத் தொட்டுவிட்டது என்று மணிமேகலையின் காதில் சொன்னார். அவள் பெண்கள் வரிசையில் போய், மாதம்மாள் என்ற அம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

இன்னாசி சால்வை போர்த்தினார். ஒரு கிரேடுப் பெட்டி நிறையத் தக்காளியை மேடையில் வைத்தார்கள். சாரால் இந்தப் போகம் பிழைத்தது என்று ஒருவர் நாத்தழுதழுக்கச் சொன்னார். நல்ல கதை ஒன்று வறண்ட மனதை எப்படியெல்லாம் விளைய வைக்கிறது என்று மாதவராஜ் நெகிழ்ந்துபோய்த் தலையாட்டினார். பிறகு மைக்கைப் பிடித்து, புதிர் என்பது மனிதனைத் தாழ்த்துவதற்கல்ல, உயர்த்துவதற்கு என்று ஆரம்பித்து, கட்டிய தொண்டையோடு ஒரு மணி நேரம் பேசினார். அத்தனை பேரும் அசையாமல் கேட்டார்கள். சிலர் இப்போதுதான் முதன்முறையாகக் கேட்கிறவர்கள்போல வாயைப் பிளந்து பார்த்தார்கள். அதை அவர் வியப்பு என்று எடுத்துக்கொண்டார்.

முடிக்கும்போது மணிமேகலையை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கூட்டத்தைக் கேட்டார்.

"நான் பேசுனது இருக்கட்டும். இனி நீங்க சொல்லுங்க. இவ்வளவு நாளா என் வீடியோக்களை முழுசாக் கேட்டிருக்கீங்க. அதுல உங்க மனசுல நின்ன கருத்து ஒண்ணே ஒண்ணு. யார் வேணா சொல்லலாம்."

வேட்டிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. இன்னாசி சால்வை சுற்றி வந்த காகிதத்தை நாலாக மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார். வெட்கப்படாமல் சொல்லுங்கள் என்று மாதவராஜ் ஊக்கப்படுத்தினார். தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை, கலையில் தப்பு என்று எதுவும் கிடையாது என்றார்.

மணிமேகலை மெதுவாகப் பக்கத்தில் திரும்பினாள். "நீங்களாச்சும் சொல்லுங்கக்கா. அப்படி என்னதான் கேட்டீங்க?"

மாதம்மாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றாள்.

"நாங்க யாரும் கேட்டதில்ல கண்ணு. பொழுது சாஞ்சா தக்காளித் தோட்டத்துல ஸ்பீக்கரைக் கட்டி, சாரைப் போட்டு விட்டுட்டு வூட்டுக்கு வந்து படுத்துக்குவோம். அன்னையிலருந்து காட்டுப்பன்னி வர்றதில்ல."