உலகப் போலீஸிடம் கணக்குக் கேட்டவர்

அருண், கவிதா, நீங்கள் இரண்டு பேரும் தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். இது பத்திரிகையில் வந்ததும் அம்மாவை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். இந்த பம்பாயில் எத்தனையோ பெரிய மனிதர்கள் இருந்திருக்கலாம். ஆனால் உலகத்துப் பணக்கார நாடுகள் அத்தனையையும் ஒற்றை ஆளாக எதிர்த்து நின்றவர், தாராவியில் நம் சந்தில்தான், கட்டம் போட்ட லுங்கியோடு இருந்தார். உலகப் போலீஸ் அண்ணாச்சியைத்தான் சொல்கிறேன். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். வேறு எங்கேயும் இருந்ததாகத் தெரியவில்லை.

உலகப் போலீஸ் என்ற பெயர் வந்த கதை இது. அண்ணாச்சி ஒரு பெரிய ஓட்டலில் டீ கொடுக்கும் வேலையில் இருந்தவர். அங்கே ஒரு தடவை பல நாட்டுக்காரர்கள் கூடி, நாடு விட்டு நாடு ஓடும் திருடர்களைப் பிடிக்கும் உலகப் போலீஸைப் பற்றிக் கூட்டம் போட்டார்கள். பேச்சை ஹிந்தியில் மாற்றிச் சொல்லும் ஹெட்போன் ஒன்று ஒரு நாற்காலியில் சும்மா கிடந்ததாம். அண்ணாச்சி கெட்டிலை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் அதை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டார். அன்று கூட்டம் முடியும்வரை யாருக்கும் டீ போகவில்லை. அண்ணாச்சிக்கு ஞானம் வந்தது, வேலை போனது.

அவர் தெரிந்துகொண்டது இவ்வளவுதான். உலகப் போலீஸுக்கு எல்லா நாடும் சந்தா கட்டுகிறது. அது போதவில்லை என்று பணக்கார நாடுகள் மேற்கொண்டு கொடுக்கின்றன. கொடுக்கும்போதே, இதை இன்ன குற்றத்தைப் பிடிக்கத்தான் செலவழிக்க வேண்டும் என்று சொல்லியே கொடுக்கின்றன. அதனால் அவர்களுக்கு எது குற்றமோ அதுதான் உலகத்துக்கே குற்றம். நம்மைப் போன்ற நாடுகளுக்கு ஓட்டு உண்டு, பேச்சு எடுபடாது. பயிற்சிக்குக் கூப்பிடுவார்கள், ஜீப் கொடுப்பார்கள், பெரிய நாற்காலி கொடுக்க மாட்டார்கள். இதை அண்ணாச்சி சொல்லாத ஆள் சந்தில் கிடையாது. பால்காரரிடம் சொன்னார். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரிடம் சொன்னார். தேவ்நாரிலிருந்து கொசு மருந்து அடிக்க வந்தவரிடம் சொல்லப் போக, அவர் புகை மெஷினைப் போட்டுவிட்டு ஓடிப் போனார்.

நம் சந்துக்கு கேமரா வந்தபோது அண்ணாச்சி உச்சத்துக்குப் போனார். வீட்டுக்கு வீடு வசூலித்தும் பத்தவில்லை என்று, பிளாஸ்டிக் குடோன் முதலாளி மீதியைப் போட்டார். மாட்டி முடித்துப் பார்த்தால் கேமரா குடோன் ஷட்டரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. பிள்ளைகளின் சைக்கிள் காணாமல் போகிற மூலையை அது திரும்பியும் பார்க்கவில்லை. சந்துக் கூட்டத்தில் அண்ணாச்சி எழுந்தார்.

"கேமரா எல்லாருக்கும்னுதான சொன்னிய?"

"ஆமா அண்ணாச்சி. அதுக்கென்ன இப்போ?" என்றார் முதலாளி.

"அப்புறம் ஏன் அது உம்ம ஷட்டரையே முறைச்சிக்கிட்டு நிக்கி?"

"துட்டு யாரு கூடப் போட்டா? நான்லா."

"இதத்தான் நான் இத்தன வருசமாச் சொல்லுதேன்," என்று அண்ணாச்சி கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "கேட்டுக்கிட்டியளா? உலகம் வேற எங்கயும் இல்ல. நம்ம சந்துலதான் இருக்கு."

மறுநாளிலிருந்து தினமும் காலையில் அந்தக் கேமராவுக்கு நேரே நின்று பல் விளக்கினார். கேட்டால், ஏழை நாடுகளின் பிரதிநிதியாக நிற்பதாகச் சொன்னார். முதலாளி தன் போனைத் திறந்தால் தினமும் அண்ணாச்சியின் வாய் நுரைதான் தெரியும். கடைசியில் அவரே ஆளைக் கூப்பிட்டு கேமராவைத் திருப்பி வைத்தார்.

சந்து சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் வெளி ஆட்கள் முன்னால் அவரோடு நிற்க எனக்குக் கூச்சமாக இருக்கும். செம்பூரில் ஒரு கல்யாண வீட்டில், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஓய்வு பெற்ற போலீஸ் அதிகாரி என்று தெரிந்ததும் அண்ணாச்சி நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டார். தாலி கட்டியதைக்கூட அந்த மனிதரைப் பார்க்க விடவில்லை. நான் விழாத கைக்குட்டையைத் தேடிக் குனிந்தேன். அப்படியே இரண்டு வரிசை தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டேன்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நீங்கள் பரணில் படித்துக்கொண்டிருந்தீர்கள். அம்மா மாதுங்கா மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். என் போனில் வீடியோ அழைப்பு வந்தது. யூனிபார்ம் போட்ட ஒருவர், பின்னால் கொடி, சுவரில் பூமி உருண்டை போட்ட படம். உலகப் போலீஸ் என்றார். என் பெயரில் வெளிநாடு போன பார்சலில் போதை மருந்து இருந்ததாம். நான் குர்லாவில் பெல்ட்டும் பர்ஸும் பார்சல் கட்டுகிற ஆள். தினமும் எத்தனையோ பெட்டிகளில் என் கை படுகிறது. எதில் யார் எதை வைத்தார்களோ என்று ஒவ்வொரு பெட்டியாக நினைத்துப் பார்த்தேன். கதவைச் சாத்து என்றார், சாத்தினேன். யாரிடமும் பேசாதே என்றார், தலையாட்டினேன். எழுந்து நில் என்றார். நின்றேன். அவர் சொல்லாமலே பனியனுக்கு மேல் சட்டையையும் மாட்டிக்கொண்டேன். பேங்கில் இருப்பதை எல்லாம் சோதனைக்காக ஒரு கணக்குக்கு அனுப்பு, குற்றம் இல்லை என்றால் திரும்பி வரும் என்றார். அது கவிதா காலேஜுக்கு என்று வைத்திருந்தது. விரலைப் பட்டனுக்கு மேலே கொண்டுபோய்விட்டேன்.

அப்போதுதான், வழக்கம்போல நம் வீட்டுப் பேப்பரை வாசிக்க வாங்கிப் போக அண்ணாச்சி வந்தார். தட்டுகிற வழக்கம் அவருக்குக் கிடையாது.

"யாருலே அது, யூனிபார்ம்ல?"

"உலகப் போலீஸ் ஆபீஸர், அண்ணாச்சி. சத்தம் போடாதிய."

அண்ணாச்சியின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பெண் பார்க்கப் போன மாப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டது. மடித்துக் கட்டிய லுங்கியை இறக்கிவிட்டார். தலையைக் கையால் படிய வைத்தார். என் கையிலிருந்து போனை வாங்கி நாற்காலியில் உட்கார்ந்தார். ஹிந்தியில்தான் பேசினார். உங்களுக்கு அதுதான் வசதி, ஆனால் பத்திரிகைக்காக நான் தமிழில் எழுதுகிறேன்.

"வணக்கம் சார். உங்களத்தான் இத்தன வருசமாத் தேடிக்கிட்டு இருக்கேன். எங்க நாடு சந்தா ஒழுங்காக் கட்டுதா இல்லையா?"

அந்த ஆள் விழித்தான். நீ யார், போனை அவனிடம் கொடு, இல்லாவிட்டால் உன்னையும் கைது செய்வேன் என்றான்.

"தாராளமாப் பண்ணுங்க சார். பதில் சொல்லிட்டுப் பண்ணுங்க. சந்தாவுக்கு மேல வர்ற பணத்த யார் கொடுக்கா? எதுக்குன்னு சொல்லிக் கொடுக்கா? பெரிய நாற்காலியில எங்க ஆளு எத்தன பேரு?"

அவன் மேலதிகாரியைக் கூப்பிடுகிறேன் என்று மிரட்டினான். அண்ணாச்சிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பெரிய மீசை வைத்த இன்னொருவன் வந்தான். அண்ணாச்சி அவனுக்கும் வணக்கம் சொல்லி, சந்தாவிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். கடைசியில் ஒன்று கேட்டார். அது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"எங்க பேங்க முழுங்கிட்டு ஓடினவன் உங்க பக்கத்துலதான் பங்களா கட்டி இருக்கான். அவன இத்தன காலமாப் பிடிக்க முடியல. பெல்ட்டு பார்சல் கட்டுற இவன மட்டும் ஒரே நாள்ல எப்படி சார் பிடிச்சிய?"

மீசைக்காரன் தொப்பியைக் கழற்றினான். "சாச்சா, கையெடுத்துக் கும்பிடுறேன். காலையிலேருந்து ஒரு போணியும் ஆகல. எங்கள தொழில் பண்ண விடுங்க," என்று சொல்லிவிட்டுக் கட் பண்ணினான்.

எனக்கு அந்த நிமிஷம் விளங்கிவிட்டது. அண்ணாச்சிக்கு விளங்கவில்லை. "பாத்தியா? பணக்காரன் பதில் இல்லாட்டா இப்படித்தான் பாதியில எந்திரிச்சுப் போவான். அந்த ஓட்டல் கூட்டத்துலயும் இதேதான்," என்று சொல்லிவிட்டு பேப்பரை எடுத்துக்கொண்டு போனார். நான் நிமிர்ந்து பார்த்தேன். பரணிலிருந்து உங்கள் இரண்டு தலையும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. அப்பா ஒரு போனுக்கு முன்னால் விறைத்து நின்றதை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். யாரிடமும் சொல்லக்கூடாது என்று உங்களை அதட்டினேன். கோபம் உங்கள் மேல் இல்லை.

சாயங்காலத்துக்குள் அண்ணாச்சி சந்து முழுக்கச் சொல்லிவிட்டார். உலகப் போலீஸோடு பேசியாச்சு, மேலதிகாரி வரைக்கும் போயாச்சு. டீக்கடையில் இளவட்டப் பையன்களுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. அந்த மாதிரி மோசடி அழைப்புகளைப் பற்றி அவர்களுக்கு எல்லாம் தெரியும். ஒருவன் என்னைப் பார்த்து, "என்ன மாமா, அண்ணாச்சிய எவனோ நல்லா ஏமாத்திருக்கான் போல?" என்று கேட்டான். அண்ணாச்சி கையில் டீயோடு அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார்.

அழைப்பு எனக்குத்தான் வந்தது என்று சொல்ல வாய் திறந்தேன். வாயில் வந்தது, "ஆமால்லா." கூடச் சிரிக்கவும் செய்தேன்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். அது போலீஸ் இல்லை என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. நான் எதற்காகச் சிரிக்கிறேன் என்பதும் அதே நேரத்தில் தெரிந்திருக்க வேண்டும். டீயை ஒரு வாய் குடித்தார்.

"என் போனுக்குத்தாம்லே வந்துச்சு," என்றார் பையன்களிடம். "வயசாச்சுல்லா. ஏமாந்துட்டேன்."

அவரிடம் இருந்தது பட்டன் போன். அதில் யூனிபார்மும் கொடியும் எப்படித் தெரியும் என்று ஒருவனும் கேட்கவில்லை. சிரிக்கிறவர்களுக்கு அதற்கு நேரம் இல்லை. எனக்கு நேரம் இருந்தது. நானும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் உலகப் போலீஸைப் பற்றிப் பேசவே இல்லை. பையன்கள் வேண்டுமென்றே கிளறினாலும், "அத விடுங்கலே" என்பார். பேப்பர் வாங்க வரும்போது கதவைத் தட்டிவிட்டு வெளியிலேயே நின்றார். உள்ளே வாங்க என்று நான் சொன்னால், "பரவால்ல தம்பி" என்பார். போன மாதம் அவருடைய மகன் வந்து முலுண்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். வழியனுப்பச் சந்தே திரண்டது. நான் அன்று வேலைக்குச் சீக்கிரமே கிளம்பிவிட்டேன்.

போன வாரம், வீட்டில் யாரிடமும் சொல்லாமல், தனியாக போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். ஆன்லைன் மோசடிப் புகார் எழுதுகிற மேஜையில் ஒரு ஹவால்தார் இருந்தார். அழைப்பு யாருக்கு வந்தது என்று கேட்டார். எனக்கு என்றேன். காதில் விழவில்லை, சத்தமாகச் சொல்லு என்றார். பின்னால் வரிசையில் நம் சந்து ஆட்களும் இருந்தார்கள்.

"எனக்குத்தான் சார் வந்தது. அண்ணாச்சிக்கு இல்ல."

எந்த அண்ணாச்சி என்று கேட்டார். நான் பெஞ்சை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.