ஒரு வரி ஒட்டுக்காரர்

ஒட்டுக்காரர் என்றொரு இனம் இருக்கிறது. ரொறன்ரோப் பக்கத்தில் கணினி வேலை நடக்கும் எந்தக் கட்டடத்திலும் ஒருவராவது அகப்படுவார். மற்றவர்களின் திரையில் படமும் நிறமும் பொத்தானும் நிறைந்திருக்க, இவர் திரையில் மட்டும் ஒரு கறுப்பு ஜன்னல் திறந்திருக்கும். அதில் ஒரு கட்டளையைத் தட்டி, என்ரரை அழுத்தி, கதிரையில் சாய்ந்து, உலகத்தையே திருத்திவிட்ட களிப்போடு கோப்பிக் கோப்பையை எடுப்பார். எந்தப் பிழைக்கும் ஒரு வரிக் கட்டளை போதும் என்பது அவர் கொள்கை; எதைச் சொன்னாலும் பதில் ஒன்றுதான்: "உதுக்கு ஒரு வரி காணும்."

புரோகிராமில் ஒரு சொல் பிழை என்றால் நீங்களும் நானும் என்ன செய்வோம்? ஃபைலைத் திறந்து சொல்லைத் திருத்துவோம். ஒட்டுக்காரர் செய்யமாட்டார். அது சாதாரண மனிதருடைய வேலை. மூல ஃபைலில் பிழை பிழையாகவே கிடக்கும். புரோகிராம் வெளியே போகிற வழியில் ஒரு கட்டளையைக் காவலுக்கு நிறுத்தி, போகிற பிரதியில் மட்டும் சொல்லை மாற்றிவிடுவார். அந்தக் கட்டளையே பிழையாகிப்போனால்? இன்னொரு கட்டளை. ஒட்டின்மேல் ஒட்டு.

மிசிசாகாவில் வேலைசெய்யும் சிவரூபன் இந்த இனத்தின் முழு மாதிரி. கிளினிக்குகளின் நோயாளிகளுக்கு ஃபோனில் தமிழ்ச் செய்தி அனுப்பும் புரோகிராம் அவர்களுடையது. ஒருநாள் ஸ்காபரோவில் உள்ள ஒரு கண் கிளினிக்கிலிருந்து, அங்கே வரவேற்பில் இருக்கும் ஷரோன் அழைத்தார்.

"'நாளை வாருங்கள்' எண்டு மெசேஜ் போகுது. பேப்பர்த் தமிழ் மாதிரிக் கிடக்கெண்டு சனம் சொல்லுது. 'நாளைக்கு' எண்டு போடேலாதோ?"

சிவரூபனின் மேலாளர் தக்ஷிகா இங்கே பிறந்தவர். "ஜஸ்ற் ஃபைலைத் திறந்து மாத்துங்கோ அண்ணா, ஓகே?" என்றார்.

"ஃபைலைத் தொடவே தேவையில்லை. உதுக்கு ஒரு வரி காணும்."

எங்கெல்லாம் 'நாளை' வருகிறதோ அங்கெல்லாம் 'நாளைக்கு' ஆக்கு என்று ஒரு வரி. என்ரர். கோப்பி.

தமிழ் அப்படிச் சொன்னபடி கேட்குமா? அதே ஃபைலில் இன்னொரு செய்தியும் இருந்தது. தங்கள் முறைக்கு இன்னும் பல கிழமை இருக்கிறவர்களுக்குப் போவது: 'உங்கள் சந்திப்பு நாளை மாற்ற விரும்பினால் அழையுங்கள்.' இந்த 'நாளை' மறுநாள் அல்ல, திகதி. கறுப்பு ஜன்னலுக்கு அது எப்படித் தெரியும்? அன்று பின்னேரம் நகரமெங்கும் செய்தி பறந்தது: 'உங்கள் சந்திப்பு நாளைக்கு மாற்ற விரும்பினால் அழையுங்கள்.' ஃபோனில் முதல் மூன்று சொல்லைத் தாண்டி யார் வாசிக்கிறார்கள்?

மறுநாள் காலை கிளினிக் வாசலில் திருவிழாக் கூட்டம். மல்வேர்னிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவர்கள், லீவு போட்ட மகன்மார் காரில் கொண்டுவந்து இறக்கிய தாய்மார், ஊன்றுகோல்கள், குளிர்தொப்பிகள்.

"அன்ரி, உங்களுக்கு அடுத்த மாசம்தான்," என்று ஷரோன் கத்தினார்.

"நாளைக்கு எண்டு நேற்று அனுப்பிப்போட்டு, இப்ப அடுத்த மாசமோ பிள்ளை?" என்றார் கோணேஸ்வரி அன்ரி.

அந்த இரைச்சலில், உண்மையாகவே அன்றைக்கு ஒப்பரேஷன் இருந்த நீக்கிலாப்பிள்ளைக்குத் தன் பெயர் கூப்பிட்டது கேட்கவில்லை. ஒரு கண் எப்போதோ பழுது, மற்றதில் புரை. மாதக்கணக்கில் காத்திருந்தவர். கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனபோது டொக்டரின் நேரம் முடிந்துவிட்டது.

தக்ஷிகா அனுப்பி சிவரூபன் ஓடிவந்தார். மனிதர் கெட்டவர் அல்ல. ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டார்; கடைசியில் நீக்கிலாப்பிள்ளையைத் தன் காரிலேயே வீட்டுக்கு ஏற்றிப்போனார்.

"அங்கிள், உது முழுக்க என்ரை பிழை. என்னை ஏசுங்கோ."

"ஆரெண்டு முகம் தெரிஞ்சால்தானே தம்பி ஏசலாம். அதுக்குத்தான் ஒப்பரேஷன்."

சிவரூபன் காரை ஓரமாக நிறுத்தி ஷரோனுக்கு அழைத்து, யாராவது வராமல் விட்டால் அந்த இடத்தைத் தரும்படி கெஞ்சினார். அடுத்த கிழமையே ஓரிடம் கிடைத்தது. தானே கூட்டிப்போய், தானே கூட்டிவந்தார். கட்டு அவிழ்த்ததும் பெரியவர் அவரை ஏற இறங்கப் பார்த்து, "குரலைக் கேட்டு வடிவான பெடியன் எண்டெல்லோ நினைச்சன்" என்றார். அதைக் கேட்டு சிவரூபன் சிரித்த சிரிப்பில் அழுகையும் கலந்திருந்தது.

இனித் திருந்தியிருப்பார் என்கிறீர்களா? கூட்டம் வந்த அன்றே நிறுத்திவைத்த செய்தியைத் திருத்தவென்று தக்ஷிகா அவரைப் பக்கத்தில் இருத்தி வைத்து, "ஃபைலைத் திறவுங்கோ" என்றார். திறந்தார். பார்த்தார். எண்ணெய்ச் சட்டியில் கைவைக்கச் சொன்னதுபோல் விரல்கள் பின்வாங்கின. மூடினார். கறுப்பு ஜன்னல் திறந்தது: 'சந்திப்பு நாளைக்கு' வந்தால் மறுபடி 'சந்திப்பு நாளை' ஆக்கு.

"பாருங்கோ தக்ஷிகா, உதுக்கும் ஒரு வரி…"

தக்ஷிகா கீபோட்டைத் தன் பக்கம் இழுத்து, ஒட்டு இரண்டையும் அழித்து, ஃபைலில் 'நாளை வாருங்கள்' என்பதில் இருந்த அந்த ஒரு சொல்லைத் தானே மாற்றினார். கோப்பி ஆறமுன் வேலை முடிந்தது. சிவரூபன் முகத்தில், வீட்டுக்குள் செருப்போடு வந்துவிட்டவரைப் பார்க்கும் வேதனை.

சிரிக்கிறீர்கள். நல்லது. உங்கள் காரில் எஞ்சினைப் பாரென்று அந்த மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கியபோது திருத்தக் கராஜுக்குப் போனீர்களா, இல்லை அது கண்ணில் படாதபடி ஒரு பிள்ளையார் ஸ்ரிக்கரை ஒட்டினீர்களா?