மூட்டை இல்லை, வான்குதிப்பாளர்

அன்புக்குரிய மச்சானுக்கு,

உன் அத்தான் தன் கைப்பட எழுதுவது. இங்கே நான், உன் அக்கா, மகள், மாப்பிள்ளை எல்லோரும் சுகம். வானத்திலிருந்து விழுந்த என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். உன் கப்பலில் அடுப்பும் அலையும் அடக்கமாக இருக்கின்றன என்று நம்புகிறேன். நான் மெதுவாகத்தான் எழுதுவேன் என்பது உனக்குத் தெரியும். ஒரு பக்கம் முடிவதற்குள் உன் அக்கா பலமுறை எட்டிப் பார்த்து, "இன்னுமா முடியல?" என்று கேட்டுவிடுகிறாள். அதனால் நீயும் அவசரப்படாமல், பாத்திரமெல்லாம் கழுவி வைத்த பிறகு உட்கார்ந்து படி.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் போனில் நீ என்னை மூட்டை என்று சொன்னாய். "அத்தான், பஸ்ல உக்காந்து போறவன் டிரைவரா? உங்கள ஒருத்தன் நெஞ்சோட கட்டித் தூக்கிட்டுப் போயி கீழ இறக்கி விட்டான். நீங்க மூட்டை, அத்தான்" என்றாய். நீ சிரித்துக்கொண்டே சொன்னாய், நானும் சிரித்துக்கொண்டே கேட்டேன். ஆனால் போன் ஸ்பீக்கரில் இருந்தது, உன் அக்கா பக்கத்தில் இருந்தாள். அந்த ஒரு சொல்லால் இங்கே என் காரியம் முழுக்கக் கெட்டுக் கிடக்கிறது. அது என்ன காரியம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் மாடியில் ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் ஒரு பலகை தொங்குகிறது. இத்தனை வருடம் அவை எனக்கு வெறும் பலகைகள். மாலை வகுப்புக்குப் போய் எழுத்துக் கூட்டக் கற்ற பிறகு, ஒரு நாள் வராந்தாவில் நடந்து ஒவ்வொன்றாக வாசித்தேன். வக்கீல். இசை ஆசிரியை. ஓய்வுபெற்ற தலைமைக் கணக்கர். வாசிக்க வாசிக்க எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, இத்தனை பெரிய மனிதர்களுக்கு நடுவிலா குடியிருக்கிறோம் என்று. கடைசியில் நம் கதவுக்கு வந்தேன். அதில் ஒரு ஆணி மட்டும் இருந்தது. லிஃப்ட்காரர் என்று போட்டுக்கொள்ளலாமே என்பாய். நானும் நினைத்தேன். "போட்டா ரிப்பேர் பண்ணக் கூப்பிடுவாங்க" என்றாள் உன் அக்கா. அதுவும் சரிதான். மேலும், லிஃப்ட் ஓட்டிய காலம் முழுக்க நான் வேலை பார்த்த கட்டடத்தில் என்னை யாரும் லிஃப்ட்காரர் என்றுகூடச் சொன்னதில்லை. "லிஃப்ட், மேல போ", "லிஃப்ட், நில்லு" என்றுதான் கூப்பிட்டார்கள். பெட்டிக்கும் எனக்கும் ஒரே பெயர். பிறகு பொத்தான் வைத்த புதுப் பெட்டி வந்தது, அதற்குள்ளிருந்து ஒரு பெண்குரல் மாடி எண்ணைச் சொல்ல ஆரம்பித்தது, நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆக, ஆணி காலியாகவே இருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் குதிக்கும் வாய்ப்பு வந்தது. மகள், விமானத்திலிருந்து பாராசூட் குடையோடு குதிக்கிற அந்த மைதானத்து அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள் அல்லவா, வீட்டார் ஒருவருக்குச் சலுகையாக ஒரு சீட்டுக் கொடுத்தார்கள். பயிற்சியாளர் ஒருவரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு குதிக்கிற சீட்டு. மாப்பிள்ளைதான் போவதாக இருந்தது. வாரம் முழுக்க மார்தட்டினார். அன்று காலையில் வயிறு சரியில்லை என்று குளியலறைக்குள் போனவர் வெளியே வரவே இல்லை. மகள் கதவைத் தட்டித் தட்டிக் கை வலித்துப் போய், "அப்பா, சீட்டு வீணாப் போகுது" என்றாள். வீணாய்ப் போவதைப் பார்த்துக்கொண்டு நான் சும்மா இருப்பேனா? "நான் போறேம்மா" என்றேன். மைதானத்து மருத்துவர் என் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், முழங்காலைத் தட்டினார், "உங்களுக்கு ஒண்ணும் இல்ல, உங்க மாப்பிள்ளையக் கொஞ்சம் கூட்டிட்டு வாங்க" என்றார்.

விமானம் என்றால் பெரிதாக நினைத்துவிடாதே. நம் சமையலறை அளவுதான். இருக்கை கிடையாது, ஒருவர் காலிடுக்கில் ஒருவராகத் தரையில் உட்கார வேண்டும். பயிற்சியாளர் நெட்டையான பையன், அவனைக் கொக்கு என்று கூப்பிடுகிறார்கள். அவன் என்னைத் தன் நெஞ்சோடு சேர்த்து இறுக்கிக் கட்டினான். பழக்க தோஷம், நான் கதவுக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்திருந்தேன். மேலே போனதும் கொக்கு கையை நீட்டிக் கதவைத் திறந்தான், கடை ஷட்டர் போல மேலே சுருண்டது, காற்று உள்ளே அறைந்தது. அவ்வளவுதான், என் கை தானாகப் போய்க் கதவை இழுத்து மூடிவிட்டது.

"என்ன சார் பண்றீங்க?" என்று கொக்கு காதில் கத்தினான்.

"வண்டி நிக்கலையே தம்பி. நிக்காம கதவத் தொறக்கக் கூடாது."

"சார், இது நிக்காது!"

"நிக்கட்டும், இறங்குறேன்."

அவன் மறுபடி திறந்தான், நான் மறுபடி மூடினேன். பின்னால் காத்திருந்தவர்கள் கூச்சல் போட்டார்கள். லிஃப்டில் கூச்சல் போடுகிறவர்களை நான் பார்க்காததா? மாடி வரும் முன்னே கதவில் கை வைக்கிறவர்களிடம் ஆயுள் முழுக்க மல்லுக்கட்டியவன் நான். கடைசியில் விமானி எல்லோரையும் அப்படியே கீழே கொண்டுவந்து இறக்கிவிட்டார். ஏறியவர்கள் அத்தனை பேரும் உட்கார்ந்தபடியே திரும்பி வந்தது அந்த மைதானத்தில் அன்றுதானாம். விமானி மட்டும் என் கையைக் குலுக்கி, "பெரியவரே, இவ்வளவு பாதுகாப்பான ஆளு என்கூட ஏறினதே இல்ல" என்றார். கீழே நின்ற உன் அக்கா, பக்கத்தில் இருந்தவர்களிடம் என்னை யாரென்றே தெரியாதது போலக் காட்டிக்கொண்டாள்.

கொக்கு நல்ல பையன். இன்னொரு நாள் தானே கூப்பிட்டு மறுபடி ஏற்றினான். கதவைத் திறக்கும் முன் என் இரண்டு கையையும் பிடித்து மார்புப் பட்டையில் வைத்து, "கதவுக்கு வேற ஆளு போட்டாச்சு சார். நீங்க ரிட்டையர் ஆயிட்டீங்க" என்றான். அந்தச் சொல் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? இந்தத் தடவை கதவு திறந்தது, நான் கீழே பார்த்தேன், கை பட்டையிலேயே இருந்தது, போய்விட்டோம். மச்சான், அதை எப்படி எழுதுவது? ஆயுள் முழுக்க நான் இறங்கிய இறக்கமெல்லாம் மாடி மாடியாக நின்று நின்று இறங்கியது. இதில் மாடியே இல்லை. கன்னம் இரண்டும் காதுப் பக்கம் போய்விட்டன. நான் சிரித்தேனாம், காற்று சிரிப்பைப் பிடுங்கிக்கொண்டு போனதால் எனக்கே கேட்கவில்லை. பிறகு குடை விரிந்து சட்டென்று எல்லாம் அமைதியாகி, வீடுகளும் சாலைகளும் யாரோ துடைத்து அடுக்கி வைத்தது போலக் கீழே கிடந்தன. தரையில் உட்கார்ந்த வாக்கில் இறங்கியதும் ஓடிவந்த உன் அக்காவிடம் பார்த்ததை எல்லாம் மூச்சு விடாமல் சொன்னேன். அவளுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. என் பல் செட்டு அவள் கைப்பையில் இருந்தது.

மறுநாளே போர்டு எழுதும் பெயிண்டரிடம் போனேன். ஊரில் ஸ்கைடைவர் என்கிறார்கள், கதவில் வான்குதிப்பாளர் என்று எழுதினால் எடுப்பாக இருக்கும் என்றார். பலகைக்கு வெள்ளை அடித்துக் காயவும் வைத்துவிட்டார். அந்த நேரத்தில்தான் உன் போன். உன் அக்கா உடனே பிடித்துக்கொண்டாள். "கதவுல எழுதுறது உண்மையா இருக்கணும். வர்றவன் போறவன் கேட்டா நான்தான் பதில் சொல்லணும். மூட்டைன்னு என் தம்பியே சொல்றான். போயி விசாரிச்சிட்டு வாங்க, யாரு ஸ்கைடைவர்னு."

மைதானத்துக்கே போய் விசாரித்தேன். அதைக் கேட்டால் நீ சிரிப்பாய். என்னைப் போலக் கட்டிக்கொண்டு குதித்த ஒரு மளிகைக் கடைக்காரர், "நாம எல்லாம் ஸ்கைடைவர்தான் சார், அதுல என்ன சந்தேகம்?" என்றார். அங்கே ஒரு வங்கிக்காரப் பெண் இருக்கிறாள். அவள் தனியாகக் குதிப்பவள், ஆனால் விமானத்தோடு கட்டிய கயிறு அவள் குடையை இழுத்துத் திறந்துவிடும். அவள், "தனியா குதிக்கணும் அங்கிள், இன்னொருத்தரோட கட்டிக்கிட்டா அது சவாரி" என்றாள். பக்கத்தில் இருந்த மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர், "கயிறு திறந்தா அது கயிறோட சாமர்த்தியம். குடைய நாமளே இழுத்துத் திறக்கணும்" என்றார். அவர் அப்படிக் குதிப்பவர். அவருக்குக் குதிக்கும் உரிமம் இல்லை, உரிமம் இருந்தால்தான் ஸ்கைடைவர் என்று உரிமம் உள்ள இன்னொருவர் சொன்னார். கொட்டகையில் குடை மடிக்கும் அம்மா தலை நிமிராமலே, "தான் மடிச்ச குடையில தானே குதிக்கணும். மத்தவங்க மடிச்சத நம்பிக் குதிக்கிறவங்க எல்லாம் பக்தருங்க" என்றாள். விமானியைக் கேட்டேன். "நல்லா ஓடிட்டிருக்கிற விமானத்த விட்டுக் குதிக்கிறவங்க எல்லாருக்கும் நான் ஒரே பேருதான் வச்சிருக்கேன். அத உங்க முன்னால சொல்ல மாட்டேன்." கடைசியில் கொக்கைக் கேட்டேன். ஆகாயத்திலேயே குடியிருப்பவன், அவனாவது தீர்ப்புச் சொல்வான் என்று. "நானா? நான் இன்னும் கத்துக்கிட்டுதான் சார் இருக்கேன். எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் இருக்காரே, அவர் ஸ்கைடைவர்" என்றான்.

இதிலிருந்து எனக்கு ஒன்று விளங்கியது, மச்சான். ஒவ்வொருவரும் தான் நிற்கிற மாடிக்கு நேர் கீழே கோடு போட்டு, அதற்குக் கீழே உள்ளவர்களை எல்லாம் வெளியே நிறுத்துகிறார்கள். இது நியாயமா? மேல் மாடிக்காரன் லிஃப்டில் வந்தான், கீழ் மாடிக்காரன் வரவில்லை என்று நான் ஒருநாளாவது சொல்லியிருப்பேனா? கதவு திறந்தது, கீழே பார்த்தான், போனான். இவ்வளவு செய்தவன் ஸ்கைடைவர்தான், கட்டிக்கொண்டு போனாலும் சரி, கட்டாமல் போனாலும் சரி. உன் விஷயத்துக்கே வா. நீ கப்பலில் சமையல் செய்கிறாய். உன் வீட்டு வாசலில் மாலுமி என்று பித்தளையில் போட்டிருக்கிறாய். உனக்கு நீச்சல் தெரியாது. கப்பல் எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டால் மேலே போய்க் கேட்டுவிட்டு வருவாய். நான் ஏதாவது சொன்னேனா? வருகிறவர்களிடம் எல்லாம் என் மச்சான் மாலுமி என்றுதான் பெருமையாகச் சொல்கிறேன்.

இங்கே வேறொரு பேச்சும் அடிபடுகிறது. கயிற்றோடு தனியாகக் குதிக்கும் வகுப்புக்கு என்னையும் வரச் சொன்னான் கொக்கு. கேட்டு வைப்பதில் தப்பில்லை என்று போய்க் கடைசிவரை உட்கார்ந்தேன். மேசையிலிருந்து குதித்து உருளப் பழக்கினார்கள். வீட்டிலும் கட்டிலிலிருந்து குதித்துப் பார்த்தேன். கீழ் வீட்டில் பல் மருத்துவர், வீட்டிலேயே வைத்தியம் பார்ப்பவர், ஏறி வந்துவிட்டார். "சார், நான் வாயில ஊசிய வைக்கும்போதெல்லாம் மேல தொப்புனு விழுறீங்க. நோயாளி என் விரலக் கடிச்சிட்டான்" என்றார். உன் அக்கா அன்றைக்கே சொல்லிவிட்டாள், தனியாகக் குதிக்கிற பேச்சையே எடுக்கக் கூடாது என்று. நானும் ஒப்புக்கொண்டேன். எனக்கு அது தேவையும் இல்லை. குதித்தது போதும், பலகைக்கு அது தாராளம்.

ஆகவே உன்னிடம் ஒரே ஒரு வேண்டுகோள். "என் தம்பி வாயால மூட்டை இல்லைன்னு சொல்லட்டும், நாளைக்கே மாட்டிக்கலாம்" என்கிறாள் உன் அக்கா. உலகம் சுற்றியவன் நீ என்று உன் சொல்லுக்கு அவளிடம் அப்படி ஒரு மதிப்பு. எனவே, கட்டிக்கொண்டு குதித்தாலும் ஸ்கைடைவர்தான் என்று ஒரே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. போனில் வேண்டாம். எழுத்தில் வந்தால், அவளுக்குப் படிக்கத் தெரிந்தாலும் நானே படித்துக் காட்டுவேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். அலையடிக்கும் நேரத்தில் எண்ணெய்ச் சட்டியைத் தூக்காதே. உன் வீட்டாருக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசியும் அன்பும். கடல் உன்னையும் காற்று என்னையும் பத்திரமாகத் திருப்பிக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அன்பு அத்தான்

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை எழுதி முடிப்பதற்குள் இங்கே நிறைய நடந்துவிட்டது. மேலே உள்ளதை எல்லாம் தயவுசெய்து அடித்துவிடு. நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளைப் பார்த்துவிட்டு வரலாம் என்று மைதானத்துக்குப் போனோம். கொக்கு, "சார், வகுப்பு முடிச்சிட்டீங்க, காத்தும் நல்லா இருக்கு" என்றான். நான் உன் அக்கா முகத்தைப் பார்த்தேன். அவள் வெகுநேரம் வானத்தைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். பல் செட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஏறிவிட்டேன். தனியாகக் குதித்தேன், மச்சான். முதுகில் யாரும் இல்லை. குடையைத் திறந்தது கயிறுதான், அதெல்லாம் சின்ன விஷயம். இப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. நீ போனில் சொன்னதுதான் சரி. கட்டிக்கொண்டு குதிப்பவன் மூட்டைதான், அதில் இரண்டு பேச்சே இல்லை. தனியாகக் குதித்தவன்தான் ஸ்கைடைவர். கோடு அங்கேதான் விழ வேண்டும்.

இதை நான் இவ்வளவு வற்புறுத்திச் சொல்லக் காரணம், நான் இறங்கியதும் உன் அக்கா, "அப்படி என்னதான் இருக்கு அங்க, நானும் பாத்துட்டு வர்றேன்" என்று செருப்பைக் கழற்றி மகள் கையில் கொடுத்துவிட்டு, கொக்கோடு கட்டிக்கொண்டு போய்க் குதித்துவிட்டாள். கதவையெல்லாம் அவள் மூடவில்லை. இறங்கியதிலிருந்து சிரித்துக்கொண்டே இருக்கிறாள். பலகையில் தன் பெயரும் வேண்டுமாம். "நீ மூட்டைதான்" என்று நான் அவளிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். அன்றிலிருந்து என் சமையல் என் கையில். பெயிண்டர் வேறு, யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்று தூரிகையோடு வாசலில் நிற்கிறார். ஆகவே நான் மேலே கேட்ட அந்த ஒரு வரியை மட்டும் எழுதி அனுப்பிவிடாதே. உனக்குப் புண்ணியமாகப் போகும்.

உன் அக்கா இதைத் தோளுக்கு மேலே எட்டிப் படித்துவிட்டு, தானும் ஒரு வரி எழுத வேண்டும் என்று பேனாவைப் பிடுங்குகிறாள்.

தம்பி, அத்தான் முதலில் கேட்ட அந்த வரியை மறக்காமல் என் பெயருக்கு எழுதி அனுப்பு. கையெழுத்துக்குக் கீழே மாலுமி என்று போடு. அக்கா.