விண்கப்பலில் பெண் கேட்கப் போன கதை

பெண் வீட்டில் போய் உட்காரும் ஓர் ஆண், தன் உண்மையான குணத்தை ஒரு மணி நேரம் வரை மறைத்து வைக்க முடியும். காப்பியைச் சத்தமில்லாமல் குடித்து, "போதுங்க, போதுங்க" என்று பலகாரத் தட்டைத் தள்ளி, சுவரிலுள்ள சாமி படங்களைப் பயபக்தியோடு பார்த்தால் வேலை முடிந்தது. அந்தச் சடங்கை அவ்வளவு சுருக்கமாக வைத்ததே பையன்களின் நன்மைக்காகத்தான். என்னையோ நான்கு மணி நேரம் உட்கார வைத்து விளையாடச் சொன்னார்கள். குட்டு வெளிப்பட்டுவிட்டது.

எண்பதுகளின் நடுவில் நான் பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில், மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கிளார்க். வயது இருபத்தைந்து. (மீசைக்கு மட்டும் முப்பத்தைந்து.) மலர்விழி அங்கே டைப்பிஸ்ட். தினமும் தீவிலிருந்து ஃபெரி ஏறி வேலைக்கு வருவாள். போல்ட், நட்டு லிஸ்ட்டுகளை டைப் அடிக்கக் கொடுக்கும் சாக்கில் ஆறு மாதம் பேசினேன். அந்த ஆறு மாதத்தில் எங்கள் ஸ்டோரில் இருந்த ஒவ்வொரு ஆணிக்கும் மூன்று பிரதியில் கணக்கு இருந்தது. கடைசியில் அவளே ஒரு நாள் சொன்னாள்:

"எங்கண்ணன் உங்கள பாக்கணுமாம். ஞாயித்துக்கெழம மத்தியானம் வீட்டுக்கு வாங்க. கேம் ஆடலாம்னு சொல்லுச்சு."

கேம் என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். வெள்ளை அரைக்கால் சட்டை, வெள்ளைச் சப்பாத்து, கையில் பேட்மிண்டன் மட்டை சகிதமாகச் சுங்கை பினாங்கில் அவர்களுடைய அடுக்குமாடி வீட்டுக் கதவைத் தட்டினேன். திறந்த சிவா அண்ணன் பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். இஸ்திரி போட்ட முழுக்கால் சட்டையில் நின்றார். என் முழங்காலை ஒரு முறை பார்த்தார். "உள்ள வாங்க தம்பி" என்றார். அந்தக் குரலிலேயே பாதி மார்க் போயிருந்தது.

கூடத்து மேசையில் ஒரு பெட்டி. லண்டனில் படிக்கும் அவருடைய நண்பர் அனுப்பியதாம். உள்ளே மெல்லிய புத்தகம், பென்சில், கட்டங்கள் அச்சடித்த தாள்கள், இரண்டு பகடை. பிரம்பு நாற்காலியில் மலரின் அப்பா, துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், பேப்பருக்குப் பின்னால் மறைந்திருந்தார்.

"போர்டு எங்கண்ணே?"

"போர்டு கெடையாது தம்பி. எல்லாம் மனசுக்குள்ளதான்."

"அப்ப காய்?"

"நீங்கதான் காய்."

காலம், பல நூறு வருடங்களுக்கு அப்பால். நானும் மலரும் ஒரு விண்கப்பலில் வேலை செய்கிறோம். என்ன நடக்கிறது என்று அண்ணன் சொல்வார். என்ன செய்கிறோம் என்று நாங்கள் சொல்ல வேண்டும். பலிக்குமா என்று பகடை சொல்லும். "புதுசா ஆடுறவங்களுக்கான புக்கு லா, ரொம்ப ஈசி. மொதப் பக்கத்தப் படிங்க" என்று என்னிடம் நீட்டினார். நான் பக்கத்தை உரிய நேரம் பார்த்துவிட்டுத் தலையாட்டினேன். (புரியாததற்குத் தலையாட்டுவதில் எனக்குப் பள்ளி நாளிலிருந்தே நல்ல பயிற்சி.)

முதலில் பகடை உருட்டி நம் தகுதிகளை எழுத வேண்டுமாம். பலம், பதினொன்று. நெஞ்சை நிமிர்த்தினேன். அறிவு, மூன்று.

"இன்னொரு தடவ போடவா அண்ணே?"

"ரூல்ஸ்ல எடமில்ல தம்பி."

பேப்பருக்குப் பின்னாலிருந்து ஓர் இருமல் வந்தது.

மலர் கப்பலின் டாக்டர், நான் பைலட். காற்றே இல்லாத ஒரு சந்திரனில் இறங்கினோம். பாழடைந்த நிலையம் ஒன்றுக்குள் நுழைந்தோம். மூன்று மணி நேரமாக நான் செய்த ஒரே உருப்படியான காரியம், மலரின் அம்மா வைத்த வடையைத் தின்றது. அப்போதுதான் அண்ணன் குரலைத் தாழ்த்தினார்.

"இரும்புக் கதவு சரிஞ்சிருச்சு. மலர் கால் அடியில மாட்டிக்கிச்சு. பின்னால ஏதோ பெரிய பூச்சி வருது. கப்பல் நூறடி தூரம். தம்பி, என்ன செய்யிறீங்க?"

மலர் என்னைப் பார்த்தாள். நானும் யோசித்தேன். கேரம், சீட்டு, பேட்மிண்டன், நான் ஆடிய எல்லா ஆட்டத்திலும் எதிராளி தடுமாறும் நேரம்தான் நம் நேரம்.

"ஓடிப்போயி கப்பல்ல ஏறி, கதவச் சாத்துறேன்."

"அப்புறம்?"

"கெளப்பிடுறேன்."

"அப்ப மலரு?"

"அவங்க அவுட்டுதானே அண்ணே?"

பகடையை உருட்டினேன். அந்தப் பதினொன்றுக்குப் பிறகு இரண்டும் மூன்றுமாகவே விழுந்த பகடை, அந்த ஒரு முறை பன்னிரண்டு காட்டியது. கப்பல் அவ்வளவு அழகாக எழும்பியது என்று அண்ணன் சோர்ந்த குரலில் சொன்னார்.

நான் இரண்டு கையையும் தூக்கினேன். "அப்ப நாந்தான் ஜெயிச்சேனா?"

"இதுல ஜெயிக்கிறதுன்னு ஒண்ணும் இல்ல தம்பி. ரெண்டு பேரும் சேந்து உசுரோட திரும்பணும். அவ்வளவுதான் கேமு."

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே அண்ணே."

"மொதப் பக்கத்துலயே இருக்கு. படிச்சிட்டுத் தலையாட்டுனீங்களே."

தூக்கிய கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பேப்பர் மெல்ல இறங்கியது.

"கப்பல் சரக்கு பத்திரமா வந்துச்சா?" என்றார் மலரின் அப்பா.

"வந்துச்சுங்க அங்கிள்."

"ம்" என்றார். பேப்பர் மறுபடி ஏறியது. அந்த வீட்டில் அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே ஓட்டு அதுதான்.

மலர் மாடிப்படி வரை வந்தாள். நாளைக்கு லிஸ்ட்டு கொடுக்கக்கூட முகம் இருக்காது என்று எண்ணிக்கொண்டே இறங்கப் போனேன்.

"விளையாட்டுதான், தெரியும்," என்றாள். "ஆனா ஒரு தடவகூட திரும்பிப் பாக்கலையே நீங்க."

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நான் கேட்டது: "திரும்பிப் பாக்குறதுக்கும் பகடை போடணுமா?"

உண்மையான சந்தேகம்தான். அவள் என்னை முறைத்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு, தூணில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "அடுத்த வாரம் வந்து என்னக் காப்பாத்துங்க. முழுக்கால் சட்ட போட்டுக்கிட்டு வாங்க."

காப்பாற்ற மூன்று ஞாயிறு ஆனது. முதல் வாரம் வேறு சந்திரனில் இறங்கிவிட்டேன். இரண்டாம் வாரம் பூச்சி என்னைத் தின்றது. அண்ணன் இரக்கப்பட்டு ஆட்டத்துக்குள் எனக்கு ஒரு தம்பியை உண்டாக்கி அனுப்பினார். மூன்றாம் வாரம் அந்தத் தம்பி போய்ச் சேர்ந்தபோது, டாக்டரம்மா கதவைத் தானே நெம்பி, பூச்சியைச் சுட்டுவிட்டு, நிலையத்து வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

மறு வருடம் கல்யாணம். விருந்தில் மைக்கைப் பிடித்த சிவா மச்சான், மாப்பிள்ளை பெண்ணைச் சந்திரனில் விட்டுவிட்டு ஓடிவந்த வரலாற்றை ஒன்றுவிடாமல் சொன்னார். சிம்பாங் அம்பாட்டிலிருந்து வந்திருந்த என் பெரியம்மாவுக்குப் பாதிதான் காதில் விழுந்தது. என்னைத் தனியாக இழுத்துப்போய், "ஏன்டா, விட்டுட்டு வந்தியாமே, அந்தப் பொண்ணு யாருடா? பாவம்டா" என்று அழாத குறையாகக் கேட்டாள்.

இப்போதும் நான் காடியின் சாவியைத் திருகினால் போதும், பின்சீட்டிலிருந்து ஒரு குரல் எழும்: "அம்மா ஏறியாச்சாப்பா?" மகன் கேட்பான், மகள் கேட்பாள், போன வருடம் வந்த மருமகனும் கேட்கிறார். (அவருக்கு யார் சொன்னது என்று விசாரிக்கவே வேண்டாம்.) பக்கத்தில் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மலர் பதில் சொல்ல மாட்டாள். நான் திரும்பி அவள் முகத்தைப் பார்க்கும் வரை காத்திருப்பாள். பார்த்தால்தான் காடி நகரலாம்.